ஒரே இரவில் வெளிறிப்போகும் காலெர்ப்பா: கடல்நீர்த் தொட்டியில் பாசி மடியும்போது செய்ய வேண்டியவை

கேள்வி இதுதான்: 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி. அதன் அடியிலுள்ள சம்ப்பில் (வடிகட்டும் கருவிகள் இருக்கும் துணைத் தொட்டியில்) ஓர் அறையை ரெஃப்யூஜியமாக, அதாவது நீரிலுள்ள சத்தை உறிஞ்சப் பாசி வளர்க்கும் இடமாக, ஒதுக்கிக் காலெர்ப்பா பாசி வளர்க்கப்படுகிறது. பல மாதங்களாகச் செழித்து வளர்ந்த பாசி ஒரு நாள் காலையில் நிறம் இழந்து கிடந்தது. தொட்டி நீர் முழுவதும் பச்சையாகக் கலங்கியிருந்தது. மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து மூச்சு வாங்கின. என்ன நடந்தது, இப்போது என்ன செய்வது, இனி இப்படி நேராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

விளக்கத்தைப் பிறகு படிக்கலாம். முதலில் நீரில் காற்றை ஏற்றுங்கள். கையிலிருக்கும் ஏர் பம்ப் எதுவானாலும் அதன் கல்லைத் தொட்டிக்குள்ளேயே இறக்கி ஓடவிடுங்கள். அலை எழுப்பும் பம்ப்பின் முகத்தை மேல்நோக்கித் திருப்பி நீரின் மேற்பரப்பு நன்றாகக் கலங்கும்படி செய்யுங்கள்; மூடியை எடுத்துவிடுங்கள்; அறையின் சன்னலையும் திறந்து வையுங்கள். இப்படிப்பட்ட காலை வேளையில் மீன்களை முதலில் கொல்வது அம்மோனியா அன்று, ஆக்சிஜன் பற்றாக்குறைதான். 26 டிகிரி செல்சியஸில் கடல்நீருக்கு எவ்வளவு காற்றூட்டினாலும் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்து நிற்கும். அதே வெப்பநிலையில் நன்னீரில் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் நிற்கும். சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாத தொட்டி மே மாதத்தில் 30 டிகிரியைத் தொட்டுவிட்டால் இந்த இருப்பு இன்னும் குறையும். ஆகவே கடல்நீர்த் தொட்டியில் நமக்குக் கிடைக்கும் அவகாசம் மிகச் சிறியது. மின்வெட்டு அடிக்கடி நேரும் பகுதியில் இருப்பவர்கள் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

நுரையெழுப்பிக் கழிவைப் பிரிக்கும் ப்ரோட்டீன் ஸ்கிம்மரை நிறுத்தாதீர்கள். அதன் கோப்பை வழக்கத்தைவிட மிக வேகமாகப் பச்சை நுரையால் நிரம்பி வழியும். ஆயினும் கழிவையும் வெளியேற்றி, காற்றையும் நீரில் கலக்கும் ஒரே கருவி அதுதான் என்பதால், கோப்பையை அடிக்கடி காலி செய்துகொண்டே ஓடவிடுவதுதான் சரி. யு.வி. விளக்கு இருந்தால் அதையும் போடுங்கள். பஞ்சும் ஃபில்டர் சாக்கும் நீரில் மிதக்கும் துணுக்குகளைப் பிடிக்குமே தவிர, நீரைப் பச்சையாக்கும் நுண்ணிய அணுக்களைப் பிடிக்கா. எனவே நீர் உடனே தெளியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

அடுத்த வேலை, மடிந்த பாசியை வெளியே எடுப்பது. இதை அவசரத்தில் அள்ளிப் பிழிந்து எடுத்தால் உள்ளே எஞ்சியிருக்கும் சாறு முழுவதும் நீரில் கலந்துவிடும். ரெஃப்யூஜியத்துக்கு நீர் வரும் வழியைச் சில நிமிடங்கள் அடைத்துவிட்டு, பாசிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் வடிகூடையை நுழைத்து, மெதுவாக முழுக்கொத்தாகத் தூக்குங்கள். விரலால் தொட்டாலே எது உயிரோடு இருக்கிறது, எது இல்லை என்பது தெரிந்துவிடும். உயிருள்ள காலெர்ப்பா இலை விறைப்பாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும்; மடிந்த இலை, நனைந்த செலோபேன் தாளைப் போல விரல்களுக்கிடையில் தட்டையாகி ஒட்டிக்கொள்ளும். நீர் ஓட்டத்தில் அலைந்து பாறை இடுக்குகளில் சிக்கிய துணுக்குகளைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள். ஆனால் மணற்படுகையை மட்டும் இன்று கிளறாதீர்கள். பல மாதங்களாகப் பாசிக்கு அடியில் படிந்த சேறு கறுத்திருந்தால் அதற்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடு தேங்கியிருக்கலாம். ஏற்கெனவே மூச்சுத் திணறும் மீன்களுக்கு அது இரட்டை நஞ்சாகிவிடும். அழுகிய முட்டை வாடை வந்தால் கையை எடுத்துவிட்டு, அந்த இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.

பாசியை ஏன் இவ்வளவு சீக்கிரம் எடுக்க வேண்டும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு போதும். ஈரமான பாசியின் எடையில் ஏறத்தாழ 8 சதவீதம் உலர்பொருள் என்றும், அந்த உலர்பொருளில் 3 சதவீதம் நைட்ரஜன் என்றும் வைத்துக்கொள்வோம். அரை கிலோ பாசியில் 1.2 கிராம் நைட்ரஜன் இருக்கும். அது முழுவதும் 200 லிட்டர் நீருக்குத் திரும்பினால் லிட்டருக்கு 6 மில்லிகிராம் நைட்ரஜன். கடைசியில் அத்தனையும் நைட்ரேட்டாக மாறினால் 26 மில்லிகிராமுக்கு மேல். நீங்கள் மாதக்கணக்கில் மீனுக்குப் போட்ட தீனியிலிருந்து அந்தப் பாசி சேர்த்து வைத்ததை ஓரிரு நாட்களில் தொட்டி திரும்பப் பெறுகிறது. பாலணுக்களாக, அதாவது பாசி நீரில் விடும் இனப்பெருக்க அணுக்களாக (இதன் விளக்கம் கீழே), வெளியேறிவிட்ட பகுதியை நாம் தடுக்க முடியாது. எஞ்சிய கூட்டையும் அதில் ஒட்டியிருப்பதையும் அழுகுவதற்கு முன் எடுத்துவிட்டால் சுமையின் ஒரு பகுதியாவது குறையும்.

பிறகு நீர் மாற்றம். உப்புநீர் தயாராக இருந்தால் உடனே 30 சதவீதம் மாற்றுங்கள். அடுத்த நாள் இன்னொரு 30 சதவீதம். இரண்டு மாற்றங்களும் சேர்ந்து, அதுவரை நீரில் கரைந்திருந்ததைப் பாதியாக்கிவிடும். தயாராக இல்லையென்றால், பதற்றத்தில் சரியாகக் கரையாத உப்பை ஊற்றிவிடாதீர்கள், ஆர்.ஓ. நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 முதல் 38 கிராம் உப்பு கலந்து, சில மணி நேரம் காற்றூட்டி, வெப்பநிலையும் ஒப்படர்த்தியும் (1.025 அளவில்) தொட்டியோடு பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். கூடவே, நன்றாகக் கழுவிய செயலூட்டப்பட்ட கரியை 200 லிட்டருக்கு ஏறத்தாழ 100 கிராம் என்ற அளவில் நீரோட்டத்தில் வையுங்கள். மூன்று நான்கு நாட்களில் அதை மாற்றிவிடுங்கள். காலெர்ப்பா தன்னைத் தின்ன வரும் உயிர்களைத் தடுக்கக் காலெர்ப்பினைன் என்ற நச்சுப்பொருளைத் தன்னுள் வைத்திருக்கிறது. செல் உடைந்தால் அதுவும் நீரில் கலக்கும். பவளங்கள் சுருங்கி, சளி விட்டுக்கொண்டிருந்தால் கரி அவற்றுக்கு உண்மையான உதவி.

அம்மோனியாவை அன்று மாலையும் அடுத்த மூன்று நான்கு நாட்களும் அளந்து பாருங்கள். பி.எச். 8.2 உள்ள கடல்நீரில் மொத்த அம்மோனியாவில் 20-இல் ஒரு பங்குக்கு மேல் நச்சு வடிவத்தில் இருக்கும், பி.எச். 7 உள்ள நன்னீரில் அது 100-இல் ஒரு பங்கைக்கூட எட்டாது. ஆகவே நன்னீர் மீன் வளர்ப்பவர் பொறுத்துக்கொள்ளும் எண்ணை நாம் பொறுத்துக்கொள்ள முடியாது. ஓரிரு நாட்கள் தீனியை நிறுத்துங்கள். ஆரோக்கியமான மீன்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. வினிகர், வோட்கா போன்ற கார்பன் மருந்துகளைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்து வருபவராக இருந்தால் அதையும் உடனே நிறுத்துங்கள். அது பாக்டீரியாவைப் பெருக்கி, இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு, நுண்ணுயிர்க்கொல்லி, பாசிக்கொல்லி என்று எதையும் ஊற்றாதீர்கள். தொட்டியில் நோய் எதுவும் இல்லை, சுமைதான் கூடியிருக்கிறது. அந்தச் சுமையை இறக்குவது ஒன்றே மருந்து.

இனி, நடந்தது என்ன என்பதைப் பார்ப்போம். காலெர்ப்பாவில் நாம் வேர் என்றும், தண்டு என்றும், இலை என்றும் பார்ப்பவை எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு செல். அதற்குள் குறுக்குச் சுவர்கள் கிடையா. எண்ணற்ற உட்கருக்களும் பசுங்கணிகங்களும் ஒரே திரவத்தில் இங்கும் அங்கும் நகர்ந்துகொண்டிருக்கின்றன. அது பால்வழி இனப்பெருக்கத்துக்குத் தயாராகும்போது, ஒரு பூவையோ கிளையையோ மட்டும் அதற்கென ஒதுக்குவதில்லை; தன்னிடமுள்ள உயிர்ப்பொருள் அனைத்தையும் பாலணுக்களாக மாற்றி நீரில் விட்டுவிட்டு வெற்றுக் கூடாகிவிடுகிறது. கடல் உயிரியலாளர் கென்னத் கிளிஃப்டன் 1997-இல் வெளியிட்ட ஆய்வு, பனாமாவின் கரீபியன் கடற்பாறைகளில் காலெர்ப்பா, ஹாலிமீடா போன்ற பச்சைப் பாசிகள் விடியலுக்குச் சற்று முன்பாக, இனத்துக்கு இனம் வேறுபட்ட நேரங்களில், சில நிமிடங்களுக்குள் பாலணுக்களைக் கூட்டமாக வெளியிடுவதைக் காட்டியது. நீங்கள் காலையில் பார்த்த பச்சைக் கலங்கல் அதுதான். திறந்த கடலில் அது சற்று நேரத்தில் கரைந்து போகும். 200 லிட்டர் நீரில் போக வேறு இடம் இல்லை.

அது விடியலில் நிகழ்வதுதான் தொட்டிக்குப் பேராபத்து. இரவெல்லாம் மீனும் பவளமும் பாக்டீரியாவும் பாசியும் ஆக்சிஜனைச் செலவிட்டுக்கொண்டே இருக்கின்றன. அதை உண்டாக்குவதற்கு ஒளி இல்லை. எனவே ஆக்சிஜனும் பி.எச்.சும் ஒரு நாளில் மிகக் கீழே இருப்பது விளக்கு எரியத் தொடங்குவதற்குச் சற்று முன்புதான். அந்த நேரத்தில் பார்த்து, ஒளிச்சேர்க்கை செய்துகொண்டிருந்த பாசி அப்படியே மறைந்து, அதற்குப் பதிலாக அழுகத்தக்க கரிமப்பொருள் நீர் முழுக்கப் பரவுகிறது. இதனால்தான் ரெஃப்யூஜியத்தின் விளக்கைத் தொட்டி விளக்குக்கு எதிராக, அதாவது இரவில் எரியும்படி வைப்பதை நான் எப்போதும் பரிந்துரைக்கிறேன். ஒன்று மடியும்போது மற்றவை மூச்சுவிடுவதற்கு அது சிறிதளவாவது இடம் கொடுக்கும்.

இந்த மாற்றம் முன்னறிவிப்பு இல்லாமல் வருவதில்லை. முந்தைய நாளே இலைகளில் பச்சை நிறம் சீராக இல்லாமல் வலைப்பின்னலாகத் திரளத் தொடங்கும். இலையின் ஓரங்களும் நுனிகளும் வெளுக்கும். கூர்ந்து பார்த்தால் இலைப்பரப்பில் மயிரிழை போன்ற சிறு முனைப்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். பாலணுக்கள் வெளியேறும் வாய்கள் அவை. மாலையில் இதைக் கண்டால் இரவு வரை காத்திருக்காமல் அந்தக் கொடி முழுவதையும் எடுத்துவிடுங்கள். கத்தரியால் பல துண்டுகளாக நறுக்கினால் ஒவ்வொரு வெட்டுவாயிலிருந்தும் சாறு கசியும். கொடியை அதன் போக்கிலேயே தொடர்ந்து சென்று, வேர்களோடு சேர்த்து உரித்தெடுப்பதே நல்லது. இதற்கு மாறாக, அடியிலுள்ள பழைய இலைகள் ஒன்றிரண்டு மட்டும் வெளிறி, மற்றவை அடர்பச்சையாக இருந்தால் அது இயல்பான மூப்பு. அதற்குப் பதற வேண்டியதில்லை.

காலெர்ப்பாவை இந்த நிலைக்குத் தள்ளுவது எது என்பதில் வளர்ப்பவர்களின் அனுபவம் ஓரளவு ஒத்துப்போகிறது: திடீரென்று சத்து குறைவது, உப்புத்தன்மையோ வெப்பநிலையோ சட்டென்று மாறுவது, விளக்கை மாற்றுவது, எல்லாவற்றுக்கும் மேலாக நெடுநாள் அறுவடை செய்யாமல் அறை முழுவதும் அடைத்துக்கொள்ளும்படி விட்டுவிடுவது. சிலர் 24 மணி நேரமும் விளக்கு எரியவிட்டு இதைத் தடுக்கிறார்கள். அது பலருக்குப் பலன் தந்திருக்கிறது என்றாலும், அதை மட்டுமே நம்பியிருப்பது எனக்கு ஏற்புடையதன்று; ஒரு நாள் டைமரோ மின்சாரமோ தவறினால் அந்தக் காவல் போய்விடும். வாரந்தோறும் கொஞ்சம் எடுப்பது அதைவிட உறுதியானது. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள். அதிகமாக எடுத்தால் நீரிலிருந்து சத்தை உறிஞ்ச ஆளில்லாமல் போகும்.

வெளிறுவது எல்லாமே பாலணு வெளியேற்றம் அன்று. கீட்டோ என்று கடையில் விற்கப்படும் கீட்டோமார்ஃபா, சிக்கலான பச்சை நூற்கண்டாக வளர்வது. அதன் இழைகள் வரிசையாக அடுக்கப்பட்ட தனித்தனிச் செல்களால் ஆனவை. அது காலெர்ப்பாவைப் போல ஒரே இரவில் தன்னை முழுதாகக் கரைத்துக்கொண்டு தொட்டியைக் கவிழ்ப்பதில்லை. அது மடிவது மெதுவாக: முதலில் மஞ்சளாகி, பிறகு வெளுத்து, தொட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்து, நீரைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் பம்ப்பின் வலையில் போய் அடைக்கும். பெரும்பாலும் அது பட்டினிச் சாவு. ஹாலிமீடாவோ சுண்ணாம்பு ஏறிய பாசி. அதுவும் பாலணு விட்டபின் வெண்ணிற வில்லைகளாகக் கிடக்கும். ஆனால் அது தன் பசுங்கணிகங்களை இரவில் உள்ளே இழுத்துக்கொண்டு வெளிறித் தெரிவதும் உண்டு என்பதால், விளக்கு எரிந்து ஓரிரு மணி நேரம் ஆகும்வரை பொறுத்துப் பார்த்து முடிவெடுங்கள்.

பட்டினியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் நைட்ரேட் பூஜ்யம் என்று காட்டும் சோதனைக் குழாயைப் பார்த்து மகிழ்பவர்களின் தொட்டியில்தான் பாசி அதிகம் மடிகிறது. அட்கின்சன், ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் 1983-இல் உலகின் பல கடல்களிலிருந்து சேகரித்த கடற்பாசிகளையும் கடற்புற்களையும் ஆராய்ந்து, அவற்றின் உடலில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகியவற்றின் அணுக்கள் பொதுவாக 550:30:1 என்ற விகிதத்தில் இருப்பதாகக் கண்டார்கள். அதாவது, ஒரு பங்கு பாஸ்பரஸை எடுத்துக்கொள்ள அதற்கு 30 பங்கு நைட்ரஜன் வேண்டும். நைட்ரேட் தீர்ந்த பிறகு பாஸ்பேட் மட்டும் மிச்சமிருந்தால் பாசியால் அதைத் தொட முடியாது. தான் சேர்த்து வைத்ததையே தின்று மெலியும். பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு மணிகளைப் போட்டு, ஸ்கிம்மரையும் முழு வேகத்தில் ஓட்டி, கூடவே பாசியையும் வளர்த்தால், மூன்றும் ஒரே உணவுக்குப் போட்டியிடுகின்றன; அதில் பாசிதான் தோற்கும். நைட்ரேட் லிட்டருக்கு 5 மில்லிகிராம் அளவிலும், பாஸ்பேட் 0.03-க்குச் சற்று மேலேயும் நின்றால் பாசியும் வாழும், பவளமும் வாழும். இரும்புச்சத்துக் குறைந்தாலும் பாசி மஞ்சளாகும். அதற்குக் கடல்நீர்த் தொட்டிக்கென்று விற்கும் கரைசலை, குறிப்பிட்ட அளவில் பாதியிலிருந்து தொடங்கிச் சேர்க்கலாம்.

வலிமையான எல்.இ.டி. விளக்கை நீருக்கு மிக அருகில் தொங்கவிட்டால் கீட்டோ நூற்கண்டின் மேற்பகுதி வெளுக்கும். விளக்கு மங்கினாலோ, கண்டு புரளாமல் ஒரே நிலையில் கிடந்தாலோ அடிப்பகுதி கறுத்து அழுகும். எந்தப் பக்கம் கெட்டிருக்கிறது என்று புரட்டிப் பாருங்கள். காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

மண்டபம், பாம்பன் பக்கம் சென்றுவரும் சிலர் கரையில் கிடைத்த பாசியைப் பையில் போட்டுக் கொண்டுவந்து ரெஃப்யூஜியத்தில் விடுகிறார்கள். கரையில் ஒதுங்கியது பெரும்பாலும் ஏற்கெனவே மடியத் தொடங்கியது. பயணத்தின் வெப்பம் மீதியையும் முடித்துவிடும். அதை விட்டால் சில நாட்களில் இதே சிக்கல்தான். தவிரவும், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து எதையும் எடுப்பது குற்றம். பவளங்களோ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை.

மீன்கள் இயல்பாக நீந்தி, அம்மோனியா பூஜ்யமாகி, நீர் ஒரு வாரமாவது தெளிவாக இருந்த பிறகுதான் ரெஃப்யூஜியத்தை மீண்டும் தொடங்குங்கள். அதற்குள் காரத்தன்மையையும் ஒரு முறை அளந்துவிடுங்கள். அம்மோனியா நைட்ரேட்டாக மாறும்போது காரத்தன்மையைச் செலவழிக்கும், அதை மெல்ல மெல்லத்தான் ஈடுகட்ட வேண்டும். எந்தப் பாசியை வைப்பது என்று கேட்டால், 200 லிட்டர் போன்ற சிறிய தொட்டிக்குக் காலெர்ப்பா வேண்டாம் என்பதே என் கருத்து. அது வேகமாக வளர்வதும் அழகாக இருப்பதும் உண்மைதான். ஆனால் கவிழ்ந்தால் அதைத் தாங்க உங்கள் தொட்டியில் போதிய நீர் இல்லை. கீட்டோவையோ, கிராசிலேரியா போன்ற செம்பாசியையோ வைத்து, அறையில் பாதி நிறைந்ததுமே எடுக்கும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வெளியே எடுத்த பாசியைக் கொட்டும் இடம். 1984-இல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்துக்குக் கீழே உள்ள கடலில் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் அளவில் காணப்பட்ட காலெர்ப்பா டாக்சிஃபோலியா என்ற தொட்டிப் பாசி, பின்னர் மத்தியதரைக் கடலின் பல நாட்டுக் கரைகளில் பரந்து படர்ந்தது. 2000-இல் கலிபோர்னியாவின் அகுவா ஹெடியோண்டா காயலில் அதைக் கண்டதும், தார்ப்பாய்களால் மூடி உள்ளே குளோரின் செலுத்தி அழித்தார்கள். முற்றிலும் ஒழிந்தது என்று அறிவிக்க 2006 வரை ஆயிற்று. அந்த மாநிலம் 2001-இல் ஒன்பது காலெர்ப்பா இனங்களை வைத்திருப்பதையே தடை செய்தது. நம் கடலில் சொந்தக் காலெர்ப்பா இனங்கள் பல உண்டு. ஆனால் கடையில் வாங்கியது எந்தக் கடலைச் சேர்ந்தது என்று உங்களால் சொல்ல முடியாது, சிறு துண்டுகூட மீண்டும் முளைத்துவிடும். எனவே அதைக் கடற்கரையிலோ, ஆற்றிலோ, மழைநீர் வடிகாலிலோ போடாதீர்கள். சென்னையில் அந்த வடிகால்கள் கூவம், அடையாறு வழியாகக் கடலுக்குத்தான் போகின்றன. ஒரு பையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு நாள் வையுங்கள், அல்லது மொட்டை மாடியில் பரப்பி நொறுங்கும் அளவுக்குக் காயவிடுங்கள். அதன் பிறகு குப்பையில் போடலாம். மாற்றி எடுத்த நீரைக் கழிவறையில் ஊற்றிவிடுங்கள். செடிகளுக்கு ஊற்றினால் உப்பு அவற்றைக் கருக்கிவிடும்.